ஹாலோவீன் பார்த்துவிட்டு ஹேடன்ஃபீல்டில் இறங்கினோம்

மைக்கேல் மையர்ஸ் என்ற முகமூடிக் கொலைகாரன் வருகிற அமெரிக்கத் திகில் படத் தொடர் ‘ஹாலோவீன்’. அதைப் பார்த்த அனுபவத்தை மூன்று பேர் சொல்கிறோம்.

2022-இல் ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ வந்த அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். முகமூடிக்காரன் வருவான் வருவான் என்று பார்த்தால், கோரி என்று ஒரு புதுப் பையனின் காதலும் சோகமும்தான் ஓடுகிறது. மைக்கேல் மையர்ஸ் பாதாளச் சாக்கடைக்குள் சீக்காளி மாதிரிக் கிடக்கிறான். கடைசியில் ஊரே ஊர்வலமாக அவன் உடலைக் கொண்டுபோய் இரும்பு அரைக்கும் இயந்திரத்தில் போட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

*

உங்களுக்கு அவனாவது வந்தான். நான் பர்மா பஜாரில் மூன்றாம் பாகத்தின் விசிடி வாங்கினேன். முதல் சிடி முடிந்தது, ஆளைக் காணோம். சரி, இரண்டாவதில் வருவான் என்றிருந்தேன். வரவேயில்லை. வேறு படத்தைக் கொடுத்துவிட்டார் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். 1982-இல் வந்த அந்தப் பாகம் மைக்கேல் கதையே இல்லை, நடுவில் டிவியில் பழைய படம் ஓடுவதோடு சரி என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பாவம் அந்த மனுஷர்.

*

என்னுடையது 2018-இல் வந்த ‘ஹாலோவீன்’. அக்டோபர் 19, வெள்ளிக்கிழமை, இரவுக் காட்சி.

அப்போது ஃபிலடெல்ஃபியாவில் வேலை; ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியில் வாடகை வீடு. ஊர் பெயர் ஹேடன்ஃபீல்ட். ஆமாம், அதே பெயர்தான். மைக்கேல் அலைகிற ஹேடன்ஃபீல்ட் இல்லினாயில் இருப்பதாகக் கதை. அப்படி ஒரு ஊர் அங்கே இல்லை. 1978-இல் ஜான் கார்பென்டரோடு சேர்ந்து முதல் படத்தை எழுதிய டெப்ரா ஹில் எங்கள் ஊர்ப் பெண், அவர் வைத்த பெயர் அது.

கூட வந்தவன் மதுரைக்காரன், அறைத் தோழன். ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை. “முன்னாடி வந்த பத்தையும் பார்க்காம எப்படிடா புரியும்?” என்றான். இந்தப் படத்துக்கு முதல் படம் மட்டும்தான் கணக்கு, மற்றதையெல்லாம் நடக்கவே இல்லை என்று துடைத்துவிட்டார்கள். முதல் படத்தில் மைக்கேலிடமிருந்து தப்பிய லாரி என்ற பெண் அவன் தங்கை என்று 1981-இல் சொன்னது, 2002-இல் அவள் செத்தது, எல்லாம் போச்சு என்றேன். “அப்ப காசு கொடுத்துப் பார்த்தவன்லாம் கேனையனா?” பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கர்க் முகமூடிக்கு வெள்ளையடித்ததுதான் மைக்கேலின் மூஞ்சி என்று சொன்னதற்கு, எங்க ஊர் திருஷ்டிப் பொம்மை இதைவிடப் பயமாக இருக்கும் என்றான்.

படம் ஓட ஓட அவன் பேச்சு நின்றது. ஹாலோவீன் பண்டிகை இரவில் மைக்கேல் தெருவில் இறங்கி நடக்கிற காட்சி. ஒரு வீட்டுச் சாமான் கொட்டகையில் சுத்தியலை எடுக்கிறான், பின்வாசல் வழியாக ஒரு வீட்டுக்குள் போகிறான், சமையலறையில் இருந்த பெண்ணை அடித்துக் கொல்கிறான், சுத்தியலை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொள்கிறான். தொட்டிலில் குழந்தை அழுகிறது. ஒரு பார்வை, அவ்வளவுதான், கடந்து போய்விடுகிறான். காட்சி எங்கும் துண்டாகாமல் கேமரா பின்னாலேயே போகிறது. அவன் ஓடுவதில்லை, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

பிற்பாடு லாரி மாடியிலிருந்து விழுகிறாள். மைக்கேல் மறுபடி எட்டிப் பார்க்கும்போது கீழே ஆளைக் காணோம். தியேட்டரே எழுந்து கைதட்டியது. “எதுக்குடா கத்துறானுங்க?” முதல் படத்தின் முடிவில் ஆறு குண்டு வாங்கி இதே மாதிரி மாடியிலிருந்து விழுந்து காணாமல் போனது மைக்கேல். நாற்பது வருடம் கழித்து அது இவள் முறை. இதை இருட்டில் குசுகுசுவென்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த காட்சி போய்விட்டது.

பேட்கோ ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்கு நடந்தோம். வாசலுக்கு வாசல் ஹாலோவீன் பூசணிக்காய். பாதை முழுக்கச் சருகு. 1978-இல் கலிஃபோர்னியாவில் வசந்த காலத்தில் படம் எடுத்ததால், இலையுதிர் காலம் போலக் காட்ட இலைகளுக்கு வண்ணம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் திரும்பப் பொறுக்கிக்கொண்டார்களாம். இதைச் சொல்லிக்கொண்டே ஒரு வீட்டு எதிரே நின்றுவிட்டேன். சமையலறை விளக்கு எரிந்தது, திரை இழுக்கவில்லை. நைட் கவுனில் ஒரு அம்மா தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சற்று முன் பார்த்த அதே காட்சி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நடுராத்திரி, தலையை மூடிய கறுப்பு ஹூடியில் இரண்டு ஆட்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். விளக்கு பட்டென்று அணைந்தது.

எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. மதுரைக்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “ஓடாதடா, போலீஸைக் கூப்பிட்டுருவாங்க. மெதுவா நட.”

மெதுவாகவே நடந்தோம்.