புது டபுள் கேப், 70-ஐத் தொட்டதும் நடுக்கம்: பலன்ஸ் செய்தும் போகவில்லை, உதவி தேவை

தம்பலகாமத்தான்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் லீசிங்கில் புது டபுள் கேப் ஒன்று எடுத்தோம். டீசல், ஓட்டோ கியர், போர் வீல், பின்னால் இலை வில். டயர் 265/65 ஆர் 17, கம்பனி போட்டுத் தந்த அலோய் ரிம். வீடு திருமலை டவுனில், வயல் தம்பலகாமத்தில். விதைநெல்லும் பசளையும் ஏற்றத்தான் எடுத்தோம். ஆனால் அம்மாவைக் கண்டிக்கு கிளினிக் கூட்டிப் போவதும் இதில்தான்.

மணிக்கு 65 வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. 70-ஐத் தொட்டதும் இருக்கைக்கு அடியிலிருந்து நடுக்கம் எழும்புகிறது. ஸ்டியரிங்கில் அவ்வளவாக இல்லை, முதுகிலும் தொடையிலும்தான் தெரிகிறது. கந்தளாய்க்கு அந்தப் பக்கம் ஏ6 வீதி நேராக, மட்டமாக இருக்கிறதே, அங்கேதான் இன்னும் மோசம். உள்கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் பஸ்ஸின் முன்லைட் இரண்டிரண்டாகத் தெரிகிறது. வேகத்தைக் குறைத்தால் போய்விடும்.

ஏஜென்டிடம் காட்டினோம். நாலு சில்லையும் பலன்ஸ் செய்துவிட்டு எல்லாம் சைபர் என்று தந்தார்கள். பிறகு அலைன்மென்ட்டும், அதாவது சில்லுகள் நிற்கும் கோணமும், பார்த்தார்கள். நடுக்கம் அப்படியே இருக்கிறது. இப்போது "பிக்கப் என்றால் இப்படித்தான், லோட் ஏற்றி ஓடினால் தெரியாது" என்கிறார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே முதுகில் வருத்தம். ஹபரணை போய்ச் சேருவதற்குள் இறக்கி நடக்கவிடச் சொல்லிக் கேட்கிறார். இதைப் பிக்கப்பின் இயல்பு என்று விட்டுவிடலாமா? இல்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது?

நிலாவெளி டிரைவர்

அலைன்மென்ட்டை வேறு இடத்தில் கம்ப்யூட்டரில் வைத்து இன்னொரு தரம் பாருங்கள் தம்பி. எனக்கு அதில்தான் சரியானது.

கந்தளாய் கராஜ்

நிலாவெளி அண்ணா கோபிக்கக் கூடாது. அலைன்மென்ட் பிழைத்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். தேய்ந்த டயர் பிறகு அதிரலாம். ஆனால் புது டயரில், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்துக்கு அது காரணம் ஆகாது. அதில் இன்னும் காசு போட வேண்டாம்.

தம்பலகாமம் தம்பி, "பிக்கப் என்றால் இப்படித்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள். இலை வில் வண்டி வெறும் தட்டோடு ஓடும்போது குழியில் துள்ளும், அது இயல்பு. மட்டமான ரோட்டில், எப்போதும் ஒரே வேகத்தில், ஒரே மாதிரி நடுங்குவது இயல்பு இல்லை. சுற்றுகிற ஏதோ ஒன்று பிழையாகச் சுற்றுகிறது. அது எது என்று தெரியாமல் சாமான் மாற்றத் தொடங்கினால் முடிவே இருக்காது.

ஒரு ஸ்பேனரும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகளை முதலில் செய்யுங்கள். ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பாருங்கள். நடுக்கம் வரும் வேகத்தில் ஓடும்போது மெதுவாக நியூட்ரலுக்குத் தள்ளி அப்படியே உருள விடுங்கள். ஓட்டோ கியரில் நியூட்ரலைத் தாண்டி ரிவர்ஸ் பக்கம் கை போகாமல் கவனம். என்ஜின் சத்தம் இறங்கியும் நடுக்கம் அப்படியே நின்றால் என்ஜினையும் கியர்பெட்டியையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். அதோடு அதே வேகத்தில் அக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதித்து, ஒருமுறை விட்டுப் பாருங்கள். மிதித்தால் கூடி, விட்டால் குறைந்தால் சந்தேகம் புரொப்பெலர் ஷாஃப்ட் பக்கம் போகும், கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு அது. இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் சில்லுப் பக்கம். பிரேக் பிடித்தால் மட்டும் வந்தால் அது டிஸ்க், வேறு கதை.

டயரின் காற்றையும் பாருங்கள். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். நம்மூர் வெயிலில் ஓடி வந்த டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். கப்பலில் ஏற்றும்போது புது வண்டிகளுக்குக் காற்றைக் கூட்டி அடித்து அனுப்புவார்கள். கையளிக்கும்போது குறைக்க வேண்டும். பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

தம்பலகாமத்தான்

நன்றி அண்ணா. காற்றுக் கதை உண்மைதான். நாலிலும் 42 இருந்தது, கதவில் 29 என்று போட்டிருக்கிறது. இறக்கியதும் குழியில் தூக்கிப் போடுவது நன்றாகக் குறைந்தது. அம்மாவே சொன்னார். ஆனால் 70-இல் வரும் நடுக்கம் அப்படியே இருக்கிறது.

நியூட்ரலில் உருளவிட்டேன், மாறவில்லை. மிதித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். என்றால் சில்லுதானே? பலன்ஸ் மெஷினில் சைபர் காட்டியதை நானே நின்று பார்த்தேன். அதுதான் விளங்கவில்லை.

கிண்ணியா நானா

தம்பி, வண்டியை மணலில், சேற்றில் இறக்குகிறீர்களா? என் வண்டி ஒருமுறை இப்படித்தான் ஆடியது. ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுப் பார்த்தால் களப்புச் சேறு காய்ந்து ஓடு மாதிரிப் பிடித்திருந்தது. வெளியில் கழுவி மினுக்கினாலும் உள்ளே போகாது. வயலுக்குள் இறக்குகிற வண்டி என்றால் பலன்ஸுக்குக் கொடுக்கும் முன் உள்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். ரிம்மில் ஒட்டிய ஈயக் கட்டைகளும் இருக்கின்றனவா பாருங்கள். ஈரத்தில் ஒட்டினால் கழன்று போகும், ஒட்டிய இடத்தில் பசை அடையாளம் மட்டும் மிஞ்சும்.

தம்பலகாமத்தான்

பார்த்தேன் நானா. ஒரு சில்லில் கொஞ்சம் சேறு இருந்தது, சுரண்டிக் கழுவினேன். கட்டைகள் எல்லாம் இருக்கின்றன. வித்தியாசம் இல்லை.

சீனன்குடா

பலன்ஸ் சைபர், ஆனாலும் நடுக்கம். இது அடிக்கடி வரும் கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பலன்ஸ் மெஷின் சில்லை அந்தரத்தில் சுற்றிப் பார்க்கிறது. பாரம் எந்தப் பக்கம் கூட என்பதை மட்டும்தான் அது சொல்லும். சில்லு வட்டமா இல்லையா என்று சொல்லாது. கோணலான மாட்டுவண்டிச் சில்லுக்கும் ஈயம் ஒட்டிச் சைபர் காட்டலாம். ரோட்டில் உருட்டினால் ஏறி இறங்கத்தான் செய்யும். டயர் வட்டமாகவே இருந்தாலும் அதன் சுவரில் ஒரு இடம் மற்ற இடத்தைவிட விறைப்பாக இருக்கலாம். வண்டியின் பாரம் ஏறினால்தான் அந்த விறைப்பு தெரியும். டயரை ஒரு உருளையால் அழுத்திக்கொண்டே சுற்றி இதை அளக்கும் மெஷின் இருக்கிறது, ரோட் போர்ஸ் பலன்ஸர் என்பார்கள். திருமலையில் தேடுவதைவிடக் கொழும்பில் விசாரிப்பது நல்லது.

உங்கள் நடுக்கம் எதோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கணக்காகவும் பார்க்கலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் செக்கனுக்கு 20 மீட்டர். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் உருளும். ஆக சில்லு செக்கனுக்கு 8 தடவைக்குக் கொஞ்சம் மேலே சுற்றுகிறது. புரொப்பெலர் ஷாஃப்ட் அதைவிட வேகம். சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பதுதான் பின் அச்சின் விகிதம். அது வண்டிக்கு வண்டி மாறும், 3.9 என்று வைத்தால் செக்கனுக்கு 32 சுற்று. அதிர்வின் ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை என்று, காட்டும் செயலி போனுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு சீற்றுக்கும் நடுவில் உள்ள பெட்டியின் மேல் போனை அசையாமல் வைத்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 8 பக்கம் முள் எழும்பினால் சில்லு அல்லது அதைப் பூட்டும் ஹப். 30-க்கு மேல் எழும்பினால் ஷாஃப்ட். செயலி இல்லாவிட்டாலும் உடம்பே சொல்லும்: சில்லு என்றால் ஆட்டம், ஷாஃப்ட் என்றால் ரீங்காரம்.

புது வண்டிக்கு ஏன் கோணல் டயர் என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அதன்பிறகு வந்த வண்டிகள் எந்த யார்டில் எவ்வளவு காலம் நின்றன என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஒரே இடத்தில் நின்ற டயரின் அடி தட்டையாகும். கொஞ்ச நாள் நின்றது என்றால் ஓடிச் சூடானதும் வட்டத்துக்கு வந்துவிடும். நெடுநாள் நின்றது என்றால் வராது. உங்கள் நடுக்கம் டவுனிலிருந்து புறப்படும்போதும் ஹபரணை போனபிறகும் ஒரே அளவா?

தம்பலகாமத்தான்

ஒரே அளவுதான் அண்ணா. சூடானாலும் குறையவில்லை. தங்கச்சி போனைப் பார்த்தாள், 8-க்கும் 9-க்கும் நடுவில் முள் நட்டுக்கு நிற்கிறது. 30 பக்கம் ஒன்றும் இல்லை.

கந்தளாய் கராஜ்

அப்போ சில்லேதான். முன் சில்லுகளைப் பின்னாலும் பின் சில்லுகளை முன்னாலும் மாற்றி ஓடுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்குக்கு வந்தால் பின்னால் இருந்த இரண்டில் ஒன்று. இருந்த இடத்திலேயே நின்றால் ஹப், அச்சுப் பக்கம் பார்க்க வேண்டும். நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, குறுக்கு மறுக்காக இறுக்குங்கள். ஏர் கன்னால் முழு இறுக்கு இறுக்க விடவேண்டாம், கடைசி இறுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சில்.

பிறகு வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. சந்தேகமான பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். பின்பக்கம் என்றால் முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, என்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். டயருக்கு எதிரே செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு சைக்கிள் கம்பியை டயரின் நடுப்பகுதியை முட்டும் முட்டாமல் இருக்கும்படி வையுங்கள். கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கம்பிக்கும் ரப்பருக்கும் உள்ள இடைவெளி சுற்று முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். என்ஜினை ஸ்டார்ட் செய்து கியர் போட்டுச் சுற்றிப் பார்க்கும் வேலையே வேண்டாம். போர் வீல் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும்.

தம்பலகாமத்தான்

கண்டுபிடித்தாயிற்று!

மாற்றிப் போட்டதும் நடுக்கம் ஸ்டியரிங்குக்கு வந்துவிட்டது. கைகள் இரண்டும் ஆடுகின்றன. பின்னால் வலப்பக்கம் இருந்த சில்லைத் தூக்கிக் கம்பி வைத்துச் சுற்றினேன். முக்கால் சுற்று வரை மெல்லிய வெளிச்சம் ஒரே மாதிரி தெரிகிறது. வால்வுக்கு எதிர்ப்பக்கம் வந்ததும் ரப்பர் கம்பியைத் தள்ளிக்கொண்டு செங்கலில் இருந்து விழுத்திவிட்டது. திரும்ப வைத்துச் சுற்றினேன், அதே இடத்தில் அதே மாதிரி. மற்ற மூன்றிலும் கம்பி அசையவில்லை. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

ரிம்மா டயரா என்று எப்படிப் பிரிப்பது?

சீனன்குடா

அருமை. இனி அளவு எடுக்க வேண்டும். சின்னக் கோணலையும் முள்ளில் அளந்து காட்டும் டயல் கேஜ் வைத்திருக்கும் லேத் பட்டறையில் கேளுங்கள். டயரைக் கழற்றிவிட்டு ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ரிம்மைப் பழி சொல்ல வேண்டாம், டயர்தான்.

புது டயரின் சுவரில் சிவப்புப் புள்ளி ஒன்று போட்டிருப்பார்கள், அது டயரின் மிக உயர்ந்த, விறைப்பான இடம். மஞ்சள் புள்ளி பாரம் குறைந்த இடம். சிவப்பை ரிம்மின் தாழ்ந்த இடத்துக்கு நேரே வைத்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். புள்ளி அழிந்திருந்தால் டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டிப் பாருங்கள். ஆனால் உங்களுக்கு வாரன்டி இருக்கிறது, அதனால் கழற்றுவதற்கு முன் ஏஜென்டிடம் வீடியோவைக் காட்டுங்கள். அவர்கள் கண்முன்னால் கழற்றட்டும்.

தம்பலகாமத்தான்

காட்டினேன். இந்தத் தடவை சர்வீஸ் மேனேஜர் தானே ஏறி ஏ6-இல் வந்தார், கை ஆடுவதைப் பார்த்தார். அளந்தார்கள், ரிம் நல்லது. டயரை அரைச் சுற்றுத் திருப்பியதில் பாதிதான் குறைந்தது. பிறகு டயரை மாற்றித் தந்துவிட்டார்கள். நேற்று அம்மாவோடு கண்டி போய் வந்தோம். ஹபரணையில் இறக்கச் சொல்லவில்லை, தம்புள்ளை வரை நித்திரை. உங்கள் எல்லோருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொன்று மட்டும் இருக்கிறது. பசளை மூட்டை ஏற்றிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது, 10-இலிருந்து 30 வரை தரையில் ஒரு உதறல். அதன்பிறகு இல்லை. வெறும் தட்டோடு எடுத்தால் வராது. இதுவும் டயரா?

கந்தளாய் கராஜ்

இல்லை, இது வேறு. உங்கள் வண்டியின் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்கி, ரப்பரில் தொங்கும் சென்டர் பெயரிங். பாரம் ஏறி வில் அமிழ்ந்ததும் ஷாஃப்டின் கோணம் மாறும். இழுக்கும்போது அச்சும் மூக்கைத் தூக்கும். அந்த நேரத்து உதறல் இது. கொஞ்சம் இருப்பது பல பிக்கப்பில் உண்டு. தரை உதறும் அளவுக்கு என்றால் பார்க்க வேண்டும். சென்டர் பெயரிங்கின் உயரத்தைச் சரிசெய்யலாம், ஷாஃப்ட் மடங்கும் மூட்டுகளான யூ ஜொயின்ட்டுகள் ஒரே வரிசையில் பூட்டியிருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள்.

வாரன்டிக்குள் செய்யுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கராஜில் வேலையைப் பதியும் ஜொப் கார்டில் "அதிர்வு" என்று ஒரு சொல் எழுதினால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. எத்தனை கிலோ ஏற்றினால், எந்த வேகத்தில், எங்கே தெரிகிறது என்று எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்குங்கள். திரும்பவும் இயல்பு என்று தள்ளினால், அதே மாடல் இன்னொன்றில் அதே பாரத்தை ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977-க்கு அழைக்கலாம். அங்கேயும் முதலில் கேட்பது கடதாசியைத்தான்.

ஷாஃப்டைக் கழற்றும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றும் முன், போல்ட் போட்டு ஒன்றோடொன்று சேரும் தட்டுகளான பிளாஞ்ச் இரண்டிலும் குறுக்காகப் பெயின்ட் கோடு போட வேண்டும், பூட்டும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும். கோடு போடாமல் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள்.