கிளிநொச்சியில் ஒரு டிராகன் ஆட்டம்

சதுரங்கத்தில் கறுப்பு ஆடும் சிசிலியன் தற்காப்புத் தொடக்கத்துக்கு எதிராக வெள்ளையில் வென்ற ஆட்டம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது கிளிநொச்சியில் நடந்த ஒரு போட்டியின் கடைசிச் சுற்றுதான். நான் புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வழியாக பஸ்ஸில் போயிருந்தேன். எதிரே வவுனியாத் தம்பி ஒருவர், பள்ளி மாணவன். சிசிலியனின் ஒரு கிளையான டிராகன் விளையாடினார். யோசிக்காமல் காய் வைத்து மணிக்கூட்டைத் தட்டிய வேகத்திலேயே நன்றாகப் படித்து வந்திருக்கிறார் என்று விளங்கியது.

டிராகனில் வெள்ளை ராணிப் பக்கம் கோட்டை கட்டி (காஸ்லிங்), ஓரத்து எச் வரிசைச் சிப்பாயைத் தள்ளும். கறுப்பு சி வரிசையால் இறங்கும். எச் வரிசையைத் திறப்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் உயிர்நாடி சி3 கட்டத்தில் நிற்கும் வெள்ளைக் குதிரைதான். கறுப்பு தன் கோட்டைக் காயைக் கொடுத்து அதை எடுத்துவிட்டால், பெரும்பாலும் வெள்ளையின் தாக்குதல் அத்தோடு சரி.

1974இல் மொஸ்கோவில் கோர்ச்னோயுடனான கேண்டிடேட்ஸ் (உலகச் சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தெரிவு செய்யும் போட்டி) இறுதியின் 2ஆவது ஆட்டத்தில் வெள்ளையில் ஆடிய கார்போவ் இதைத்தான் காட்டினார். எச் சிப்பாயைக் கொடுத்த பிறகு, 16ஆவது நகர்த்தலில் டி4 குதிரையை இ2க்குப் பின்வாங்கினார். தாக்கப் போகிறவர் பின்னுக்குப் போவதா என்று தோன்றும். ஆனால் அது சி3க்குக் காவல். 19ஆவதில் டி1 கோட்டையை டி3க்கு ஏற்றியதும் அதே காவலுக்குத்தான். 27 நகர்த்தல்களில் வென்றார்.

எங்கள் ஆட்டமும் அதே வழியில்தான் போனது. நான் குதிரையை இ2இல் வைத்ததும் தம்பி முதல்தடவையாகக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கரும்கட்ட பிஷப்புகள் மாறின, என் ராணி எச்6இல் போய் உட்கார்ந்தது. 19ஆவதில் நானும் கோட்டையை டி3க்கு ஏற்றினேன். கோர்ச்னோய் அந்த இடத்தில் கோட்டையை சி5க்கு இழுத்தார். தம்பி பிஷப்பை இ6க்குக் கொண்டுவந்தார். ஜி5 தள்ளினேன். அவருடைய குதிரை எச்5க்கு ஓடியது. நான் இ2 குதிரையை எஃப்4இல் வைத்தேன். பின்வாங்கியிருந்த அதே குதிரை!

அவர் அதை எடுத்தார். எடுத்த கையோடு எச் வரிசை திறந்துவிட்டது. ராணி எச்7இல் செக், ராஜா எஃப்8, ராணி எச்8இல் மேட்.

கை கொடுத்துவிட்டுத் தம்பி கேட்டது ஒன்றுதான்: "அண்ணை, 19இல நான் ராணியை டி8க்கு எடுத்திருந்தா?" அதுதான் சரியான தற்காப்பு என்றேன். உடனே காய்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நானும் இருந்துவிட்டேன்.