ஏற்றத்தில் வரும் கரும்புகையும் பிள்ளையின் இருமலும்

கேள்வி (அட்டன்):
எங்கள் லயன் வீடு பிரதான வீதியின் செங்குத்தான ஏற்றத்தை ஒட்டியிருப்பதால், பழைய பஸ்களும் கொழுந்து ஏற்றும் லொறிகளும் மூச்சுத் திணறியபடி ஏறும்போது விடும் கரும்புகை நேரே வாசலுக்குள் வருகிறது. ஆஸ்துமா உள்ள என் மகளுக்கு இரவெல்லாம் இருமல். சமதரையைவிட இங்கே புகை ஏன் அதிகம்?

பதில் 1 (நுவரெலியா):
சகோதரி, நான் டீசல் இயந்திரம் பழுதுபார்ப்பவன். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத பழைய இயந்திரம், ஏற்றத்துக்காகக் கூடுதல் டீசலை வாங்கியும், அதை முழுமையாக எரிக்கப் போதிய ஒட்சிசன் கிடைக்காமல் கரியாக வெளித்தள்ளுகிறது. அடைபட்ட காற்று வடிகட்டியும் டீசலை உள்ளே தெளிக்கும் தேய்ந்த இன்ஜெக்டரும் இதை மோசமாக்கும். இவை இரண்டும் திருத்தக்கூடியவை.

பதில் 2 (கண்டி):
கண்ணுக்குத் தெரியும் கரியைவிட, 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்களே நுரையீரலின் ஆழம்வரை செல்பவை. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. மலை சூழ்ந்த எங்கள் நகரில், குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்தில் தேங்கும்போது புகையும் கலையாமல் நிற்கிறது. வீதிப்பக்க யன்னலைப் போக்குவரத்து மிகுந்த நேரங்களில் மூடி, மறுபக்கத்தைத் திறந்து வையுங்கள். மகளை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. மகளின் கட்டிலை இன்றே பின்னறைக்கு மாற்றுகிறேன்.