பீகேப் கோப்பை ஓட்டிப் பார்த்தால் போதுமா, நிஜ நெட்வொர்க் கார்டுதான் வேண்டுமா?

ரோஸ்ஹில்_இரவுப்பட்சி:
டிபிடிகே-யில் (கர்னலைத் தாண்டி, கார்டிலிருந்து பாக்கெட்டை நேராக நிரலுக்கு எடுக்கும் நூலகம்) ஒரு சின்ன டிஎன்எஸ் வடிகட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன், தளப் பெயருக்கு முகவரி கேட்கும் கேள்வி-பதில்களைச் சலிப்பது. போன வாரம் இங்கே மொரிஷியஸில் புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்குப் போனதும் வீட்டோடு அடைந்துவிட்டேன். 10ஜி (வினாடிக்கு 10 ஜிகாபிட்) கார்டு போட்ட சர்வர் எபென் அலுவலகத்தில், நான் மடிக்கணினியோடு இங்கே. சும்மா இருப்பானேன் என்று, கார்டுக்குப் பதில் பதிவுசெய்த பாக்கெட் கோப்பைப் படிக்கும் பீகேப் டிரைவரை எடுத்தேன். விடெவ் (மெய்நிகர் கார்டு) வரியில் ஆர்எக்ஸ்_பீகேப் என்று ஒரு கோப்பைக் கொடுத்தால் நிரல் அதையே கார்டு என்று நினைத்துக்கொள்கிறது, டிஎக்ஸ்_பீகேப் கொடுத்தால் வெளியே விட்டதெல்லாம் இன்னொரு கோப்பில் விழுகிறது, அப்புறம் வயர்ஷார்க்கில் திறந்து பார்க்க வேண்டியதுதான். நோ-ஹியூஜ் போட்டால் ஹியூஜ்பேஜ் (பெரிய நினைவகப் பக்கம்) கூட ஒதுக்க வேண்டாம். சோதனை எல்லாம் பாஸ். டீம் லீடரோ, கார்டில் ஓடாதது சோதனையே இல்லை என்கிறார். உங்கள் கட்சி எது?

எபென்_கேபிள்:
லீடர் கட்சி. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் துள்ளினேன். என் நிரல் முதலில் டிரைவரிடம் "உனக்கு என்னென்ன ஆஃப்லோடு (கார்டே செய்து தரும் வேலை) தெரியும்" என்று கேட்டு, தெரிந்ததை மட்டும் ஆன் செய்யும், பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறோம். நான் போட்டிருந்த பதிப்பில் பீகேப் டிரைவருக்கு விலேன் டேக்கை (எந்த மெய்நிகர் பிணையம் என்று பாக்கெட்டில் ஒட்டும் 4 பைட்) உரிக்கத் தெரியாது. கோப்பில் டேக் அப்படியே இருந்தது, நானும் அதைச் சேர்த்தே ஐபி ஹெடர் தொடங்கும் இடத்தைக் கணக்குப் போட்டிருந்தேன். கார்டில் ஏற்றியதும் கார்டே டேக்கை உரித்து எம்பஃபில் (டிபிடிகே பாக்கெட்டை வைக்கும் நினைவகப் பெட்டி) தனியாக வைத்துவிட்டது. கணக்கு 4 பைட் தள்ளிப்போய், நல்ல பாக்கெட் எல்லாம் குப்பைக்குப் போனது. இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

வேகமும் இருக்கிறது. 10ஜி-யில் 64 பைட் பாக்கெட் வினாடிக்கு ஏறக்குறைய 1 கோடியே 48 லட்சம் வரும், ஒன்றுக்கு 67 நானோ வினாடிதான் அவகாசம். கோப்பிலிருந்து ஒவ்வொன்றாக நகலெடுத்துத் தரும் டிரைவரை வைத்து அதைப் பார்ப்பது, லகூனுக்குள் நீந்திவிட்டு பாறைத்திட்டுக்கு வெளியே அலை எப்படி என்று சொல்வது மாதிரி.

கத்ர்போர்ன்_அக்கா:
தம்பி வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே கேபிள், கேட்காத கேள்விக்கு ஏன் இவ்வளவு பதில்? அந்த விலேன் கதையில் தப்பு டிரைவருடையதா உங்களுடையதா? டேக் உள்ள கோப்பு ஒன்று, இல்லாத கோப்பு ஒன்று என்று இரண்டையும் ஓட்டியிருந்தால் மடிக்கணினியிலேயே பிடிபட்டிருக்கும். கோணலான டிஎன்எஸ் பாக்கெட்டைக் கார்டுக்கு அனுப்ப இன்னொரு மெஷின், இன்னொரு கேபிள், இன்னொரு ஆள் வேண்டும். கோப்பு என்றால் நூறு தடவை ஓட்டினாலும் அதே பாக்கெட், அதே வரிசை. எனக்கு அதுதான் பெரிசு.

ரோஸ்ஹில்_இரவுப்பட்சி:
அக்கா, கொஞ்சம் பாரம் கொடுத்துப் பார்க்கலாமே என்று இன்ஃபினிட்_ஆர்எக்ஸ்=1 போட்டேன், தொடங்கவே மாட்டேன் என்கிறது.

கத்ர்போர்ன்_அக்கா:
அது கோப்பு முழுவதையும் முதலிலேயே நினைவகத்தில் ஏற்றிவைத்துச் சுற்றிச் சுற்றித் தரும். பாக்கெட்டுக்கு ஒரு எம்பஃப், வழக்கமான அளவில் ஒவ்வொன்றும் 2 கிலோபைட்டுக்கு மேல். 2 லட்சம் பாக்கெட் இருந்தால் 400 எம்பி தாண்டிவிடும். எம்பஃப்கள் வரும் மெம்பூலைப் பெரிசாக்கு, இல்லாவிட்டால் கோப்பை வெட்டு. ஆமாம், அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது? வாடிக்கையாளர் டிராஃபிக் என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது, 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் சும்மா இல்லை.

ரோஸ்ஹில்_இரவுப்பட்சி:
ஐயோ இல்லை அக்கா, நானே ஸ்கிரிப்ட் எழுதி உருவாக்கியது.

எபென்_கேபிள்:
சரி, வேகத்தை விடுங்கள். ஆர்எஸ்எஸ்-க்கு (பாக்கெட்டுகளைப் பல ப்ராசஸர் கோர்களுக்குப் பங்கிடும் கார்டு வசதி) என்ன சொல்வீர்கள் அக்கா? கார்டு, பாக்கெட்டின் முகவரி, போர்ட் எல்லாவற்றையும் ஹாஷ் செய்து பல க்யூக்களுக்குப் பிரித்துவிடும். சிமெட்ரிக் கீ (இரு திசைக்கும் ஒரே ஹாஷ் தரும் சாவி) போடாவிட்டால் கேள்வி ஒரு கோருக்கும் பதில் இன்னொரு கோருக்கும் போகலாம். தம்பியின் வடிகட்டி கேள்வியையும் பதிலையும் ஜோடி சேர்க்கிறது என்றால் அந்த அட்டவணையை இரண்டு கோர் ஒரே நேரத்தில் தொடும். ஒரு கோப்பு, ஒரு க்யூ என்று ஓட்டினால் இது ஜென்மத்துக்கும் தெரியாது.

கத்ர்போர்ன்_அக்கா:
இது நல்ல கேள்வி. ஆனால் ஒரு கோப்புதான் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரே விடெவ் வரியில் ஆர்எக்ஸ்_பீகேப்பை இரண்டு தடவை கொடுத்தால் இரண்டு க்யூ. கேள்விகளை ஒரு கோப்பிலும் பதில்களை இன்னொன்றிலும் பிரித்து இரண்டு கோரில் ஓட்டு தம்பி, கேபிள் சொல்லும் பூதம் இருந்தால் வெளியே வரும்.

எபென்_கேபிள்:
வரும், கூடவே இல்லாத பூதமும் வரும். அந்த டிரைவர் கோப்பில் உள்ள நேரமுத்திரையைப் பார்த்துக் காத்திருக்காது, முடிந்த வேகத்தில் படித்துத் தள்ளும். இரண்டு கோப்புக்கும் நடுவே வரிசை கிடையாது, கேள்வி வருமுன் பதில் வந்து நிற்கும். நேரத்தை மதிக்க வேண்டுமென்றால் டாப் (TAP) டிரைவரைப் போட்டு, அது கர்னலில் காட்டும் இடைமுகத்துக்கு, நேரமுத்திரைப்படி கோப்பை மறுபடி அனுப்பும் டிசிபிரீப்ளே கருவியால் அனுப்பிப் பார்க்கட்டும்.

கத்ர்போர்ன்_அக்கா:
கேள்விக்கு முந்தி பதில் வருவது டிஎன்எஸ்-ஸில் பூதமா? போலிப் பதில் அனுப்புகிறவன் அதைத்தானே செய்கிறான்.

ரோஸ்ஹில்_இரவுப்பட்சி:
ஓட்டிவிட்டேன். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவது தடவை செக்மெண்டேஷன் ஃபால்ட் என்று நிரல் விழுந்தது, அட்டவணையில் ஒரு பதிவை ஒரு கோர் அழிக்கும்போது இன்னொன்று படித்திருக்கிறது. கோருக்கு ஒரு அட்டவணை என்று மாற்றலாமா என்று பார்த்தால், கேபிள் அண்ணா சொன்னபடி சிமெட்ரிக் கீ இல்லாமல் அது வேலைக்கு ஆகாது. அந்தக் கீயைப் பீகேப் டிரைவரில் சோதிக்க வழியில்லை. லீடரிடம் கேட்டேன், காவடி லீவு முடிந்ததும் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் கார்டு எனக்கு.

எபென்_கேபிள்:
போகும்போது விலேன் டேக் உள்ள கோப்பையும் எடுத்துப் போ.