7805 ஏன் இப்படிச் சுடுகிறது? பார்த்ததைப் பகிருங்கள்

12 வோல்ட் அடாப்டர், அதை 5 வோல்ட்டாக இறக்கும் 7805 ரெகுலேட்டர் ஐசி, அரை ஆம்பியர் லோடு (போர்டு இழுக்கும் கரண்ட்). போர்டு கொஞ்ச நேரம் ஓடும், ரீசெட் ஆகும், ஆறியதும் மறுபடி ஓடும். ஐசி போய்விட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கணக்குப் போட்டாலே விடை கிடைக்கும்: (12 − 5) × 0.5 = 3.5 வாட், அத்தனையும் சூடு. ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத டிஓ-220, அதாவது 7805 வரும் உறை, வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். 3.5 வாட்டுக்கு 227 டிகிரி. அவ்வளவு தூரம் போக ஐசி விடாது. உள்ளே 150 டிகிரி வாக்கில் அதுவே அவுட்புட்டை இறக்கிவிடும்.

ஹீட் சிங்க் வாங்கும்போது: உள்ளே 125 டிகிரி தாண்டக் கூடாது, பெட்டிக்குள் 45 டிகிரி. மிச்சம் 80. அதை 3.5 ஆல் வகுத்தால் வாட்டுக்கு 23 டிகிரி வரும். ஐசிக்கு 5, நடுவே வைக்கும் மைக்கா தகட்டுக்கும் (மின்சாரத்தைத் தடுப்பது) சூடு கடத்தும் பேஸ்ட்டுக்கும் 1 கழித்தால் 17. கணக்கில் 17 வந்தால் 10 டிகிரி/வாட் உள்ளதைப் போடுங்கள். நம் ஊர் மே மாதம் அந்த இடைவெளியைத் தின்றுவிடும்.

*

டிரான்ஸ்ஃபார்மர் போடுபவர்களுக்கு: 12 வோல்ட் ஏசி என்றால் கெபாசிட்டரில் 12 வராது. உச்சம் 17, பிரிட்ஜில் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடுகள்) 2 போனால் 15. 5 வோல்ட்டுக்கு 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரே சரி, உச்சம் 10.7 தான், சூடு ஏறக்குறைய பாதியாகும்.

ஆனால் லோ வோல்டேஜையும் பாருங்கள். வீட்டு மின் லைன் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே 9 வோல்ட், 8.5 உச்சத்தில் நிற்கும். அரை ஆம்பியருக்கு 2200 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் ரிப்பிள் (ஏற்ற இறக்கம்) ஏறக்குறைய 2 வோல்ட், பள்ளம், அதாவது மிகக் குறைந்த வோல்டேஜ், 6.5. 7805க்குக் குறைந்தது 7 வேண்டும். 4700 ஆக்கினால் பள்ளம் 7.6இல் நிற்கும். மல்டிமீட்டர் டிசி ரேஞ்சில் சராசரியைத்தான் காட்டும், இந்தப் பள்ளம் தெரியாது. சிவப்பு முனையில் ஒரு 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெபாசிட்டரைத் தொடராகக் கோத்து, ஏசி ரேஞ்சில் 5 வோல்ட் லைனைப் பாருங்கள். லோடு ஏறும்போது நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் குதித்தால் பிரச்சினை சூடு இல்லை, இன்புட் போதவில்லை.

*

12 வோல்ட் அடாப்டரை மாற்ற வழியில்லை என்றால் தொடரில் 4.7 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். அரை ஆம்பியரில் 2.35 வோல்ட் அங்கே விழும், ஐசியின் பங்கு 2.3 வாட்டாக இறங்கும். ரெசிஸ்டர் மதிப்பை அதிகபட்ச கரண்டுக்குக் கணக்கிடுங்கள், சராசரிக்கு அல்ல. ரிலே இழுக்கும் நொடியில் இன்புட் 7க்குக் கீழே போனால் எல்லாம் வீண். 0.33 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ரெசிஸ்டருக்குப் பிறகு, ஐசி காலை ஒட்டி இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் 7805 ஆசிலேட் ஆகி (அவுட்புட் தானாகவே வேகமாக ஆடி), காரணமே புரியாமல் சுடும்.

*

ஒரே ஹீட் சிங்கில் 7805, 7905 (மைனஸ் 5 வோல்ட் ரெகுலேட்டர்), எல்எம்317 (வோல்டேஜை நாமே செட் செய்யும் ரெகுலேட்டர்) மூன்றையும் நேரடியாக முறுக்கிவிடாதீர்கள். முதலாவதன் டேப் (ஐசியின் உலோக முதுகு) கிரவுண்ட், அடுத்ததன் டேப் இன்புட், 317இன் டேப் அவுட்புட். 7805 தவிர மற்ற இரண்டுக்கும் மைக்காவும் ஸ்க்ரூவுக்கு புஷ்ஷும் (பிளாஸ்டிக் வளையம்) கட்டாயம். முறுக்கிய பிறகு, பவர் கொடுக்கும் முன், மைக்கா வைத்த இரண்டின் டேப்புக்கும் சிங்குக்கும் இடையே கன்டினியூட்டி (மின் இணைப்பு) இல்லை என்று மீட்டரில் பாருங்கள். பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். அப்பினால் அதுவே சூட்டைத் தடுக்கும்.

*

3.3 வோல்ட் தரும் 1117-3.3 ரெகுலேட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். வைஃபை போர்டுகளில் இதற்கு நேரே 12 வோல்ட் கொடுப்பதை நிறையப் பார்க்கிறோம். 0.2 ஆம்பியருக்கு 1.74 வாட். காப்பர் குறைவான போர்டில் வாட்டுக்கு 90 டிகிரி, அதாவது 156 டிகிரி ஏற்றம். அதே லோடுக்கு 5 வோல்ட் கொடுத்தால் 0.34 வாட், 30 டிகிரி ஏற்றம். முன்னால் ஒரு எல்எம்2596 பக் மாட்யூலை (அதிகம் சூடாகாமல் வோல்டேஜை இறக்கும் சிறு போர்டு) 5 வோல்ட்டுக்கு செட் செய்து வையுங்கள். 1117ஐ இணைக்கும் முன்பே மாட்யூலின் திருகைத் திருப்பி மீட்டரில் 5 பார்த்துவிடுங்கள். பல மாட்யூல்கள் இன்புட்டுக்கு நெருக்கமான வோல்டேஜில்தான் வருகின்றன.