மூட்டு மாற்று அறுவைக்குப் பின் சிபேப் மாஸ்க்கைக் கழற்றிவிடும் அப்பா: இரவில் என்ன செய்வது?

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு மகள்):

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 66. அவருக்கு ஸ்லீப் ஆப்னியா (உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய்) தீவிர நிலையில் இருக்கிறது. உறக்கத்தில் மணிக்கு 38 முறை மூச்சுத் தடைபடுவதாகப் பரிசோதனையில் தெரிந்ததிலிருந்து, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் சிபேப் கருவியுடன்தான் உறங்குவார். சென்ற வாரம் வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். இப்போது மூக்கு வறண்டு எரிகிறது என்று மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார். மல்லாந்தே படுப்பதால் பலமாக எழும் குறட்டை திடீரென்று நின்றுபோய், பிறகு திணறலுடன் மூச்சு மீள்கிறது. பகலிலும் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிடுகிறார். முதுகில் ஊசி போட்டுத்தானே அறுவை செய்தார்கள், முழு மயக்கம் கொடுக்கவில்லையே, பயப்படாதே என்கிறார்கள் உறவினர்கள். கருவிக்குப் பதிலாக ஆக்சிஜன் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வைத்தால் போதுமா?

பதில் 1 (மயக்கவியல் மருத்துவர்):

போதாது, அம்மா. அடைபட்ட தொண்டையைத் திறந்து வைப்பது சிபேப் தரும் காற்றழுத்தம்தான். ஆக்சிஜன் அந்த வேலையைச் செய்யாது. அதோடு, ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ரத்த ஆக்சிஜன் அளவு நன்றாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்க, உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகலாம்.

முதுகு ஊசி நல்ல முடிவுதான். ஆனால் இந்நோயாளிகளுக்கு அறுவைக்குப் பிந்தைய இரவுகளும் ஆபத்தானவை. வலியாலும் மருந்துகளாலும் முதல் ஓரிரு இரவுகளில் குறைந்துபோகும் கனவுறக்கம், மூன்றாம் இரவையொட்டி இழந்ததையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வருகிறது. தொண்டைத் தசைகள் மிகவும் தளர்வது அந்த உறக்கத்தில்தான் என்பதால் மூச்சுத்தடையும் அப்போது கூடுகிறது.

பேச்சினிடையே கண்ணயர்வதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். பாரசிட்டமாலுடன் டிராமடால் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மேற்கையிலோ மார்பிலோ பிளாஸ்திரி போன்ற வலி நிவாரணப் பட்டை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூட்டு அறுவைக்குப் பின் ஒட்டப்படும் புப்ரினார்பின் பட்டை ஏழு நாள் வரை மருந்தை இறக்கிக்கொண்டே இருக்கும். இவை இரண்டும் அபினைப் போல் செயல்படும் வலி நிவாரணிகளான ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை. மூச்சு விடும் உந்துதலையே மந்தமாக்கக்கூடியவை. இன்றே அறுவை மருத்துவரை அழைத்து, ஸ்லீப் ஆப்னியா இருப்பதையும் இந்தத் தூக்கக்கலக்கத்தையும் சொல்லுங்கள். தூக்க மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். தட்டி எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ உதடு நீலம் பூத்தாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பதில் 2 (இதே அறுவையைச் செய்துகொண்டவர்):

சகோதரி, மருத்துவர் சொன்னதோடு படுக்கையையும் கவனியுங்கள். தலையணையை மட்டும் உயர்த்தினால் கழுத்து மடங்கித் தொண்டை இன்னும் அடைபடும் என்பதால், இடுப்பிலிருந்தே சுமார் 30 பாகை சாய்வாக இருக்குமாறு முதுகுக்கு முட்டுக் கொடுங்கள். வலிக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிடாதீர்கள். மூட்டு மடங்கியே இறுகிப்போகும். மூக்கெரிச்சலுக்கு, கருவியின் ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) நிரப்பியதும், படுக்குமுன் உப்புநீர்ச் சொட்டு விட்டதும் எனக்கு உதவின. காற்றழுத்த அளவை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம். பகலில் சற்றுக் கண்ணயர்ந்தாலும் மாஸ்க் முகத்தில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. இடது மேற்கையில் அந்தப் பட்டை இருந்தது. தோள் வலிக்கிறது என்று அம்மா அதன் மேலேயே வெந்நீர்ப் பை வைத்து ஒத்தடம் கொடுத்து வந்திருக்கிறார். மாத்திரையிலும் டிராமடால் இருக்கிறது. மருத்துவரிடம் தெரிவித்ததும், பட்டையை எடுத்துவிட்டு, தனிப் பாரசிட்டமாலும் காலுக்கு ஐஸ் ஒத்தடமும் போதும் என்றார்; நாளைக் காலை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

பதில் 1 (மயக்கவியல் மருத்துவர்):

நல்லது. சூடு பட்டால் பட்டையிலிருந்து மருந்து கூடுதலாக இறங்கும். தூக்கக்கலக்கத்துக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். பட்டையை எடுத்த பிறகும் தோலில் தங்கிய மருந்து ஏறக்குறைய ஒரு நாள் வரை உடலில் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே இன்றிரவு மாஸ்க் இல்லாமல் அவரை உறங்க விடாதீர்கள். யாராவது ஒருவர் அருகிலேயே விழித்திருங்கள்.