அத்தை வந்ததும் சோபா காலி: டோங்கா நாடகம் பார்த்த அனுபவம்

மாங்கெரேக்காரன்:
ஆக்லாந்து வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்த, கூட வேலை பார்க்கும் நண்பர் இழுத்துக்கொண்டு போனதால் போன மாதம் மாங்கெரே கலை அரங்கில் ஒரு நகைச்சுவை நாடகம் பார்த்தேன். முக்கால்வாசி ஆங்கிலம்தான். திட்டு மட்டும் சுத்த டோங்கா மொழியில்.

கதை ஒரே நாளில் நடக்கிறது. 2017 நவம்பர் 25, ரக்பி லீக் உலகக் கோப்பை அரையிறுதி, டோங்கா இங்கிலாந்தோடு மோதல். இதே ஊர் மவுண்ட் ஸ்மார்ட் மைதானம்தான். வீட்டில் நாலு டிக்கெட், போகத் துடிப்பவர்கள் பதினோரு பேர். யார் போவது என்று அப்பா வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அப்பாவின் அக்கா வருகிறார். அங்கே அப்பாவோடு பிறந்த அத்தைக்குத்தான் குடும்பத்தில் முதல் மரியாதை. மெஹெகிடங்கா என்பார்கள். நமக்குத் தாய்மாமன் மாதிரி. மாமன் வராமல் காதுகுத்து நடந்துவிடுமா? இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு அந்த அம்மா நுழைந்ததும், சோபாவில் மல்லாந்து கிடந்த ஆறடி ஆட்கள் எல்லாரும் தரையில் சம்மணம் போட்டார்கள். அரங்கமே வெடித்தது. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் டிக்கெட் நாலும் அத்தையின் சர்ச் தோழிகளுக்குப் போகிறது. மீதிப் பேர் டிவி முன்னால். பழைய வழக்கப்படி அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவி பார்க்கக் கூடாது. அதனால் தங்கை ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்று பார்க்கிறாள். 20-0 என்று பின்தங்கியபோது வீடே செபத்தில் இறங்குகிறது. கடைசி ஏழெட்டு நிமிஷத்தில் மடமடவென்று மூன்று ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது), 20-18! தங்கை ஜன்னல் வழியாகவே உள்ளே குதித்து அண்ணனைக் கட்டிப்பிடித்துவிட்டு, சட்டென்று நினைவு வந்து இரண்டு பேரும் உறைந்து நின்ற நிற்பு இருக்கிறதே, அதற்கே டிக்கெட் காசு செரித்துவிட்டது.

ஹாமில்டன் அக்கா:
தம்பி, அதற்கு ரெண்டு வாரம் முன்னால் நவம்பர் 11 அன்று எங்கள் ஊரில் நியூசிலாந்தையே 28-22 என்று சாய்த்தார்களே, அன்றைக்கு நான் மைதானத்தில் இருந்தேன். ஓசி டிக்கெட். திரும்பின பக்கமெல்லாம் சிவப்பு. ஆட்டத்துக்கு முன்னால் கூட்டம் மொத்தமும் தேவாலயப் பாட்டுப் பாடியது, அதுவும் குரல் பிரித்து, சுதி பிசகாமல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நியூசிலாந்துக்கு ஆடிவந்த ஜேசன் டாமலோலோ உலகக் கோப்பைக்குச் சற்று முன்புதான் டோங்கா பக்கம் வந்திருந்தார். அவர் பந்தைத் தொட்டாலே பக்கத்து சீட் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

சிட்னி தம்பி:
அண்ணா, ஒரு சந்தேகம். சாப்பாட்டு ஜோக், பருமன் ஜோக் வந்தால் வெளியாள் நாம் சிரிக்கலாமா? எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மாங்கெரேக்காரன்:
எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. சேப்பங்கிழங்கு இலையில் டின் மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டின லூ பொட்டலத்தை மகன் ‘டயட்’ என்று தள்ளியதும், மூன்று பெரியம்மாக்கள் அவனுக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாட்டி என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார், ‘சிரியேன்டா’ என்பது போல. எழுதியவர், நடித்தவர், பார்த்தவர் எல்லாம் அவர்கள் ஆட்களே. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. கடைசி நொடியில் டோங்காவின் ஆண்ட்ரூ ஃபிஃபிட்டா பாய்ந்தபோது பந்து கை நழுவி ஆட்டமும் போனதே, அந்த இடம். பறித்தார்களா, தவறவிட்டாரா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை போல. மேடையில் நடுவர் வேஷமே கிடையாது. ஆனாலும் பின்வரிசையிலிருந்து நடுவருக்கு வசவு பறந்தது.

முடிவில் அத்தை வேஷக்காரர் கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு ஆடினார். ‘மாலியே!’ (நம்ம ‘சபாஷ்’ மாதிரி) என்று கத்திக்கொண்டு கூட்டம் மேடையேறி, அந்த எண்ணெயிலேயே நோட்டுகளை ஒட்டியது. நம்மூர் கரகாட்டத்தில் ஊக்கு குத்துவோமே, அதே கதை. நானும் போய் ஐந்து டாலரை ஒட்டினேன். இங்கே நோட்டெல்லாம் பிளாஸ்டிக், வழுக்கிக் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்து நெற்றியில் அப்பிக்கொண்டு என்னை ஒரு முறை முறைத்தார். நான் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.